கோதண்டம் லிஃப்டில் நின்ற பதினாலு மழைக்காலம்

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. நரி என்றதும் தந்திரம், சூழ்ச்சி என்று நீங்களாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நரி நான்தான். பெயர் தணிகாசலம். என் வாழ்க்கையில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டுச் சிரித்தால் சிரியுங்கள். என் பெண்டாட்டி ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள்.

எங்கள் காட்டுக் குளத்தில் ஆராவமுதன் என்று ஓர் ஆமை. பெரிய எழுத்தாளர். மனிதர்களைப் பற்றி மாயாஜாலக் கதை எழுதுவார். மனிதன் என்று ஒரு பிராணி உண்டா என்பதே எங்கள் காட்டில் பலருக்குச் சந்தேகம். இவரோ அந்தப் பிராணிக்கு ஊர், தெரு, தாலுகா ஆபீஸ் எல்லாம் கொடுத்து ஐந்து பாகம் எழுதிவிட்டார். தலைப்பு ‘வாலில்லாதோர் வம்சம்’. கதை இதுதான்: தாலுகா ஆபீசில் ஒரு சுழல் நாற்காலி. அதில் உட்காருவதற்காக ஒன்பது குமாஸ்தாக்கள் ஒருவரை ஒருவர் கவிழ்த்துக்கொள்கிறார்கள். அத்தியாயத்துக்கு ஒருத்தர் சாவார். அப்படி ஒரு கதை!

அந்த ஒன்பது பேரில் கோதண்டம் என்று ஒரு குமாஸ்தா. அவர்தான் என் ஆள். கையில் எப்போதும் குடை. சட்டைப் பையில் மைக்கறை. மற்ற எட்டுப் பேரும் அடித்துக்கொள்ளும்போது, “நீங்க முதல்ல முடிச்சுக்குங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை” என்று ஒதுங்கி நிற்பார். அவரை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று வெட்கப்படாமல் சொல்கிறேன். பாறையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க நான் வளையில் கிடந்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எட்டிப் பார்க்க ஓர் ஈ காக்கை இல்லை. முதல் பாகத்தைப் பிரித்தேன். அன்றிலிருந்து கோதண்டம் ஒருத்தர்தான் தினமும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கோதண்டம் குடையை உதறி மடக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறார். லிஃப்ட் என்பது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், மனிதர்களை ஒரு மாடியில் விழுங்கி இன்னொரு மாடியில் துப்பும் இரும்புப் பெட்டி. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் பெட்டி நின்றுவிடுகிறது. விளக்கு அணைகிறது. “யாராவது இருக்கீங்களா?” என்று கோதண்டம் கேட்கிறார்.

அத்தோடு ஐந்தாம் பாகம் முடிந்தது. ஆறாவது பாகம் அடுத்த மழைக்காலம் வரும் என்று ஆராவமுதன் அறிவித்தார். எந்த மழைக்காலம் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து முயல் ஜெயசீலன் வந்தான். தேக்கு மரத்தில் பெரிய டிவியை மாட்டி, ‘வாலில்லாதோர் வம்சம்’ தொடராக வரும், வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் நாலு மணி என்று தண்டோரா போட்டான். குரங்குகள் வாலைப் பேண்ட்டுக்குள் சுருட்டிக்கொண்டு மனிதர்களாக நடித்தன. உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே நடித்தன.

அந்த முதல் ஐந்து வருஷம் இருக்கிறதே, அதுதான் என் பொற்காலம். காட்டிலேயே ஐந்து பாகத்தையும் படித்து முடித்தவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களும் அப்படியே நினைக்கும்படி பார்த்துக்கொண்டேன். டிவிக்கு நேர் எதிரில் இருந்த பாறையை எனக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். என்ன நடக்கப் போகிறது என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டேன், அந்தக் கௌரவம் எனக்கு உண்டு. ஆனால் யாராவது சாவதற்கு முன்னால் லேசாக இருமுவேன். அவ்வளவுதான், கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். பக்கத்து வளைக் கரடி பொன்னுரங்கம் டிவியைப் பார்க்கவே மாட்டான், என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பான். “அண்ணே, இருமப் போறீங்களா? சொல்லிடுங்கண்ணே, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது” என்பான். ஒரு தடவை நிஜமாகவே சளி பிடித்து நான் ஏழு தடவை இருமினேன். இரண்டு மான்கள் மயங்கி விழுந்தன.

ஐந்தாவது வருஷக் கடைசியில் கோதண்டம் லிஃப்டில் ஏறினார். பெட்டி நின்றது. விளக்கு அணைந்தது. கூட்டம் என் பக்கம் திரும்பியது.

“அண்ணே, அடுத்தது என்ன?” என்றான் பொன்னுரங்கம்.

நான் புன்னகை செய்தேன். ரொம்பத் தெரிந்த மாதிரி ஒரு புன்னகை. உண்மையில் எனக்கும் தெரியாது. காட்டில் யாருக்கும் தெரியாது. ஆராவமுதன் அடுத்த பாகத்தை எழுதவே இல்லை.

ஆமை எழுதாவிட்டால் முயல் நிற்குமா? ஜெயசீலன் அடுத்த வருஷமே ஆறாவது தொடரை ஆரம்பித்துவிட்டான். புத்தகம் பின்னால், டிவி முன்னால். எங்கே போகிறது கதை, யார் சொல்லி எடுக்கிறான் என்று கேட்டால், “அய்யா ஒரு பேப்பர்ல நாலு வரி குறிச்சுக் கொடுத்திருக்காரு. அது போதும்” என்றான். நாலு வரியில் மூன்று வருஷத் தொடர்!

எனக்கு இரண்டே வழிதான். போய் உட்கார்ந்து எல்லாரோடும் சேர்ந்து ஒன்றும் தெரியாதவனாக வாயைப் பிளந்து பார்க்கலாம். இல்லை, பார்க்காமலே இருக்கலாம். நான் பாறை மேல் ஏறி நின்று, “மூலநூல் வராமல் இந்த டிவியை நான் ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். கோதண்டம் என்ன ஆனார் என்பதை ஆராவமுதன் அய்யாவின் எழுத்தில்தான் தெரிந்துகொள்வேன்” என்று சபதம் செய்தேன். கொள்கை என்று சொல்லிக்கொண்டேன். பாறையில் உட்கார்ந்து இருமுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சல் அதில் எத்தனை பங்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூலநூல் வாசகர் சங்கம் என்று ஒன்று தொடங்கினேன். முதல் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். ஒரு மாதத்தில் நானும் ஒரு வௌவாலும்தான் மிச்சம். அந்த வௌவாலும் வெள்ளிக்கிழமைகளில் தேக்கு மரத்திலேயே தொங்கிக்கொண்டிருப்பதை ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தேன். “நான் தலைகீழாத்தான் பாக்கறேன் தலைவரே, அது பார்த்ததா ஆகாது” என்றது. நீக்கிவிட்டேன்.

பார்க்காமல் இருப்பது சுலபம். கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம். தண்ணீர் குடிக்கப் போனால் அங்கே பேசுகிறார்கள். ரேஷன் வரிசையில் நின்றால் அங்கே பேசுகிறார்கள். பொன்னுரங்கத்திடமே தேன்மெழுகு வாங்கி இரண்டு காதையும் அடைத்துக்கொண்டேன். மெழுகைக் கொடுக்கும்போதே அவன், “அண்ணே, கோதண்டத்தைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை...” என்று ஆரம்பித்தான்.

“சொன்னே, கடிச்சுடுவேன்!”

“இல்லண்ணே, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல...”

நான் ஊளையிட ஆரம்பித்தேன். அவன் போகும்வரை நிறுத்தவில்லை.

வீட்டில் இன்னொரு தொந்தரவு. என் மனைவி செண்பகம் ஒரு வாரம்கூட விடாமல் தொடர் பார்க்கிறவள். காதை அடைத்தாலும் கண் இருக்கிறதே. அவள் முகத்தைப் பார்த்தால் யார் செத்தார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் வெள்ளிக்கிழமைகளில் பின்பக்கமாக நடந்து வளைக்குள் வரச் சொன்னேன். பாவம், முதலில் வாசலில் முட்டிக்கொண்டு, பிறகு பழகிக்கொண்டாள். ஒரு நாள் என் காதிலிருந்த மெழுகைப் பிடுங்கிவிட்டு, “ஏங்க, நம்ம பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படி விரதம் இருக்கலயே. உங்க ஆளு அங்க என்ன ஆனாருன்னா...” என்றாள். நான் வளையின் பின்வாசல் வழியாகப் பாய்ந்து முள்ளுச் செடியில் விழுந்தேன்.

இப்படியே ஆறு வருஷம். தொடர் மூன்று வருஷத்தில் முடிந்துவிட்டது. அதைப் பற்றிய சண்டை இன்னும் மூன்று வருஷம் ஓடியது. கோதண்டம் லிஃப்டில் நிற்கத் தொடங்கிப் பதினாலு மழைக்காலம் ஆகிவிட்டது. என் மேல்வரிசைப் பல்லில் பாதி போய்விட்டது. ஆமைக்கு முந்நூறு வருஷ ஆயுசு, அவருக்கு என்ன அவசரம்? நரியின் ஆயுசே பதினாலு பதினைந்துதான். கதை என்பதால் நான் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். கோதண்டம் வெளியே வந்தாரா, உள்ளேயே போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாமல் கண்ணை மூட எனக்கு மனசு வரவில்லை. நேரே குளத்துக்குப் போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

குளத்தங்கரையில் எட்டு ஜன்னல் வைத்து ஆபீஸ். மூன்றாவது ஜன்னலில் ‘சீக்கிரம் எழுதுங்கள் பிரிவு’ என்று பலகை. அதில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. வரிசை மூங்கில் புதர் வரை நீண்டிருந்தது. பதினெட்டு நாள் நின்றேன். என் முறை வந்ததும் தவளை எனக்கும் பின்னால் நின்றவர்களுக்கும் ஆளுக்கொரு படிவம் நீட்டியது.

“நாலாவது கேள்வியை மட்டும் விட்டுடாதீங்க சார். அய்யா அதைத்தான் பாப்பாரு.”

நாலாவது கேள்வி: ‘தொடரைப் பார்த்துவிட்டீர்களா? ஆம் / இல்லை.’

எனக்குப் புல்லரித்தது. ஆறு வருஷத் தவத்துக்கு இப்படி ஒரு கேள்வியா! ‘இல்லை’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, அடியில் இரண்டு கோடு போட்டு, ‘சத்தியமாக’ என்றும் எழுதினேன். பின்னால் எட்டிப் பார்த்தால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் ‘இல்லை’ என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வெள்ளிக்கிழமை தவறாமல் பார்த்தவர்கள். அய்யா மனசு குளிரட்டும் என்று ஒரு பொய். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

உள்ளே ஆராவமுதன் ஓட்டுக்குள்ளிருந்து பாதித் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் காகிதக் குவியல். நான் விழுந்து கும்பிட்டேன்.

“அய்யா, ஆறாம் பாகம்...”

“எழுதறேன் தம்பி, எழுதிக்கிட்டேதான் இருக்கேன். இது கோதண்டத்தோட கொள்ளுத்தாத்தா சரித்திரம், ரெண்டு பாகம். இது தாலுகா ஆபீஸ் கேன்டீன் சமையல் குறிப்பு, படத்தோட.”

“கோதண்டம் அய்யா? லிஃப்ட்ல?”

அவர் என் படிவத்தை எடுத்துப் பார்த்தார். நாலாவது கேள்வியில் கண் நின்றது. அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. தட்டிக்கொடுக்கப் போகிறார் என்று முதுகைக் கொஞ்சம் வளைத்துக் காட்டினேன்.

“நீயுமா?” என்றார். “வர்றவன் எல்லாம் ‘இல்லை, இல்லை’ன்னே எழுதறீங்களே. ஒருத்தனாவது அந்தச் சனியனைப் பார்த்துட்டு வரக் கூடாதா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“எனக்கு மேல ஓடல தம்பி. அந்தப் பெட்டியை எப்படித் திறக்கறதுன்னே தெரியல. ஜெயசீலனுக்கு நாலு வரி குறிச்சுக் கொடுத்தேனே, அதுல மூணு வரி நலம் விசாரிச்சு எழுதினது. அவன் எப்படியோ முடிச்சுட்டான்னு சொல்றாங்க. போய்ப் பாக்கலாம்னா, சொந்தக் கதையை டிவி பார்த்து எழுதறான்னு காறித் துப்புவாங்க. வர்ற வாசகன் யாராவது பேச்சுவாக்குல சொன்னா பிடிச்சுக்கலாம்னு இந்தக் கேள்வியைப் போட்டேன். ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான். கோதண்டம் மட்டுமா உள்ள நிக்கறான்? நானும்தான் பதினாலு வருஷமா உள்ளயே நிக்கறேன்.”

காட்டில் எந்த முட்டாளைக் கூப்பிட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். அணில் சொல்லும், ஆந்தை சொல்லும், வௌவால் தலைகீழாகவாவது சொல்லும். நிஜமாகவே பார்க்காத ஒரே பிராணி நான். நான் போய் அவர் எதிரில் நிற்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“ஓடிப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன் அய்யா” என்றேன்.

வாசலிலிருந்து தவளை குரல் கொடுத்தது. “அடுத்த டோக்கன் ரெண்டு மழை கழிச்சுத்தான் சார்.”

இரண்டு மழை! எனக்கு மிச்சமிருந்த பற்களை நாக்கால் எண்ணிப் பார்த்தேன். தாங்காது. ஆராவமுதன் தலையை மெல்ல ஓட்டுக்குள் இழுக்க ஆரம்பித்தார். உள்ளே போய்விட்டால் எப்போது வருவாரோ.

“அய்யா, நான் பொய் எழுதிட்டேன். பார்த்துட்டேன்” என்றேன்.

தலை சட்டென்று வெளியே வந்தது.

சொன்னேன். பதினாலு வருஷமாகத் தூக்கத்தில்கூட நான் கோதண்டத்தை லிஃப்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தவன்தானே. அத்தனையையும் கொட்டினேன். லிஃப்ட் ஓட்டுகிறவர்தான் கோதண்டத்தின் காணாமல் போன அப்பா என்றேன். குடைக்காம்புக்குள் சுழல் நாற்காலியின் பட்டயம் இருந்தது என்றேன். ஆமை மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தது எனக்குப் போதை ஏற்றிவிட்டது. அதுதான் வினை.

“அப்புறம் அய்யா, அந்த லிஃப்டுக்குள்ள ஒரு நரி இருக்கு.”

“நரியா? மனுஷங்க கதையிலயா?”

“ஆமாங்க. ரொம்பப் படிச்ச நரி. அதுதான் கோதண்டத்துக்கு வழி சொல்லுது. கோதண்டம் அதைக் கட்டிப்பிடிச்சு, ‘நீ இல்லேன்னா நான் இல்ல’ன்னு அழறாரு. அந்த இடத்துல எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க.”

“ஜெயசீலனுக்கு இவ்வளவு புத்தியா?” என்றார் ஆராவமுதன். வியப்போடுதான் சொன்னார்.

மூன்றே மாதத்தில் ஆறாம் பாகம் வந்துவிட்டது. விடியற்காலையிலேயே போய் முதல் பிரதியை நான்தான் வாங்கினேன். காது மெழுகைத் தோண்டி எறிந்தேன். செண்பகத்தை முன்பக்கமாகவே நடந்து வரச் சொன்னேன். கால் உடைந்து கிடந்த அதே மூலையில் படுத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தேன்.

அப்பா வந்தார். தெரியும். பட்டயம் வந்தது. தெரியும். காடே பக்கத்துக்குப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு படித்தது. என்ன வரப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்த ஒரே வாசகன் நான்தான். ஆறு வருஷம் காதை அடைத்து, பெண்டாட்டியைப் பின்பக்கமாக நடக்க வைத்துக் காப்பாற்றிய கதையை எனக்கு நானே சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

சரி, கோதண்டமாவது வெளியே வருகிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். நானூறாம் பக்கத்தில் நரி வந்தது. என்ன கண்றாவி அது! வாயைத் திறந்தால் உபதேசம். கோதண்டம் அதைக் கட்டிப்பிடித்து அழுதார். லிஃப்டின் கதவு திறந்ததும் மற்ற குமாஸ்தாக்களை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கோதண்டமாவது தள்ளுவதாவது! “நீங்க முதல்ல முடிச்சுக்குங்க” என்று ஒதுங்கி நிற்கிற மனுஷன் எங்கே போனார்? வெளியே வந்தது அவர் இல்லை. அவருடைய மைக்கறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான்தான் வெளியே வந்திருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். நிஜமாகவே அழுதேன்.

பிறகு கரடி வளைக்கு ஓடினேன்.

“பொன்னுரங்கம், சொல்லுடா. டிவியில கோதண்டம் என்ன ஆனாரு?”

“அதைத்தானே அண்ணே ஆறு வருஷமா சொல்ல வர்றேன். ஒண்ணுமே ஆகல. கோதண்டமா நடிச்ச குரங்குக்கு வேற காட்டுல படம் கிடைச்சுப் போயிடுச்சு. ஜெயசீலன் லிஃப்டையே மறந்துட்டான். அப்புறம் அந்தப் பேச்சே வரல. நீங்க தாராளமா வந்து பார்த்திருக்கலாம்.”

பின்னாலேயே வந்து நின்ற செண்பகம் கேட்டுவிட்டாள். “இதுக்கா என்னைப் பின்பக்கமா நடக்க விட்டீங்க?” என்று ஆரம்பித்துச் சிரித்தாள் பாருங்கள், தரையில் உருண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை குளத்தங்கரையில் காடே திரண்டுவிட்டது. எல்லாருக்கும் அந்த நரி மேல்தான் கோபம். ‘நானூறாம் பக்கத்து நரியை உடனே நீக்குக’ என்று மனு எழுதியிருந்தார்கள். அதில் முதல் கையெழுத்து யாருடையது என்கிறீர்கள்? என்னுடையதுதான். வரிசையில் முதல் ஆளும் நான்தான்.

“‘சீக்கிரம் எழுதுங்கள்’ மூணாவது ஜன்னல் சார். ‘ஏன் எழுதினீர்கள்’ எட்டாவது ஜன்னல்” என்றது தவளை.

எட்டாவது ஜன்னலில் ஆராவமுதனே உட்கார்ந்திருந்தார். மனுவை வாங்கிப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“தம்பி, நரி வர்ற இடத்துல எல்லாரும் கைதட்டினாங்கன்னு நீதானே சொன்னே?”

எனக்குப் பின்னால் காடே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. வேறு வழி தெரியாமல் லேசாக இருமினேன்.

பொன்னுரங்கம் பதறிப் போய் என் தோளைப் பிடித்தான். “அண்ணே, இப்ப யாரு சாகப் போறா?”

“ஏற்கெனவே செத்தாச்சுடா” என்றேன்.

நீதி: கதையை எழுத்தாளர் பாதியில் விட்டால் உங்களுக்குப் பிடித்தவர் லிஃப்டிலாவது பத்திரமாக இருப்பார். எனவே ஆமையை அவசரப்படுத்தாதீர்கள். அவசரப்படுத்தியே தீருவேன் என்றால், எட்டாவது ஜன்னலுக்கான படிவத்தையும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.